நிறுவுவது எப்படி? கணிதத்திலும் விஞ்ஞானத்திலும்: வன்னி மாணவரும் விவசாயிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாதாரண தரம், உயர் தரம் கற்பவர்களும், வயலில் புதிதாக ஒன்றைச் செய்துபார்க்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்து வயலையும் கிணற்றையும் வகுப்பறையையும் ஒட்டியவை. தாளும் பேனையும் பக்கத்தில் வைத்து, கணக்குகளைப் போட்டுப் பார்த்தபடி வாசியுங்கள்.

கணிதத்தில் நிறுவுவதும் விஞ்ஞானத்தில் நிறுவுவதும் ஒன்றா?

இல்லை. கணிதத்தில் வெளிப்படை உண்மைகளிலிருந்து புறப்படுகிறோம். ஒவ்வொரு வரியும் அதற்கு முந்திய வரிகளிலிருந்து தவிர்க்க முடியாமல் வரவேண்டும். அப்படி முடிந்த நிறுவல் எக்காலத்துக்கும் நிற்கும். முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்று யூக்கிளிட் சுமார் கி.மு. 300 இல் காட்டினார். அந்த முடிவை இன்றுவரை யாரும் திருத்த வேண்டி வரவில்லை.

விஞ்ஞானத்தில் அந்த வசதி கிடையாது. நியூட்டன் 1687 இல் வெளியிட்ட ஈர்ப்பு விதி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கோள்களின் இயக்கத்தைச் சரியாகச் சொன்னது. ஆனால் புதன் கோளின் பாதை மட்டும் நூறு ஆண்டுக்கு ஒரு பாகையின் 3600 இல் 43 பங்கு அளவுக்கு விலகி நின்றது. 1915 இல் ஐன்ஸ்டைனின் கொள்கைதான் அந்த விலகலுக்குக் கணக்குச் சொன்னது. அளவீடுகள் ஒத்துவரும்வரை ஒரு விதி நிற்கிறது. ஒத்துவராத இடத்தில் அதன் எல்லை தெரிகிறது.

இரண்டுக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. இந்தக் கூற்று பொய்யாக இருக்கக்கூடிய வழிகள் எவை என்று தேடி, அவற்றை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் அது. கணிதத்தில் எல்லா வழிகளையும் அடைத்துவிடலாம். விஞ்ஞானத்தில் தெரிந்த வழிகளை அடைத்துவிட்டு, எவ்வளவு அடைத்தோம் என்று இலக்கத்தில் சொல்லவேண்டும்.

நாற்பது எண்களுக்குப் போட்டுப் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் சரியாக வந்தது. அது நிறுவல் ஆகாதா?

ஆகாது. எ² + எ + 41 என்ற கோவையில் எ இற்கு 0, 1, 2 என்று போட்டுக்கொண்டே போங்கள். 41, 43, 47, 53 என்று முதன்மை எண்களாகவே வரும். எ = 39 வரை, நாற்பது தடவையும் அப்படியே. எ = 40 இல் 1681 வருகிறது. அது 41 × 41. இந்தக் கோவையை ஒயிலர் 18 ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்.

வகுப்பில் செய்துகாட்ட இன்னொன்று: வட்டத்தில் புள்ளிகளைக் குறித்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோட்டால் இணையுங்கள். வட்டத்துக்குள் எத்தனை துண்டுகள்? 1 புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, 16. அடுத்தது 32 என்று எல்லாரும் சொல்வார்கள். 6 புள்ளிகளுக்கு அதிகபட்சம் 31 தான். புள்ளிகளை ஒழுங்கான இடைவெளியில் வைத்தால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் சந்தித்து 30 ஆகிவிடும். ஆகவே சற்றுத் தள்ளித் தள்ளிக் குறிக்கவேண்டும்.

நாற்பது போதாது, கோடி எண்களுக்குப் பார்த்தால்? அதுவும் போதாது. ஓர் எண்ணை முதன்மைக் காரணிகளாகப் பிரித்தால் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையாகவோ இரட்டையாகவோ இருக்கும். 1 இலிருந்து (1 இற்குக் காரணி 0, அது இரட்டை வகை) 2 அல்லது அதற்கு மேற்பட்ட எந்த எல்லைவரை எடுத்தாலும், ஒற்றை வகையின் எண்ணிக்கை பாதிக்குக் குறையாது என்று போலியா 1919 இல் ஊகித்தார். ஹேசல்குரோவ் 1958 இல் அது பிழை என்று காட்டினார். அது முதன்முதலாகப் பிழைக்கும் இடம் 906,150,257. தொண்ணூறு கோடிக்கு மேல் சரியாக இருந்த ஓர் ஊகம் அது. எதிருதாரணம் ஒன்றே ஒன்று போதும்.

கேத்திரகணித நிறுவலில் பரீட்சைப் புள்ளிகள் எங்கே போகின்றன?

தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் என்று நான்கு பகுதியும் எழுதினாலும் மூன்று இடங்களில் அறுந்துவிடும்.

முதலாவது, படத்தை நம்புவது. கீறிய முக்கோணி இருசமபக்கமாகத் தெரிந்தால் அதைத் தரவில்லாமலே பயன்படுத்திவிடுகிறார்கள். இதற்கு வழி, படத்தை வேண்டுமென்றே கோணலாகக் கீறுவது. இரண்டாவது, ஒருங்கிசைவுக்கு ப.ப.கோ. என்று எழுதுவது. இரண்டு பக்கமும் அவற்றுக்கு இடையில் அமையாத கோணமும் சமமாக இருந்தால், இரண்டு வேறு முக்கோணிகள் வரக்கூடும். 30° கோணம், அதற்கு எதிர்ப்பக்கம் 6 செ.மீ., மற்றப் பக்கம் 10 செ.மீ. என்று கவராயத்தால் அமைத்துப் பாருங்கள். வில் கோட்டை இரண்டு இடத்தில் வெட்டும். மூன்றாவது, நிறுவவேண்டியதையே இடையில் காரணமாக எழுதுவது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணத்தை அடைப்புக்குறியில் எழுதும் பழக்கம் இருந்தால் இது உடனே கண்ணில் படும்.

√2 விகிதமுறா எண் என்ற நிறுவலை மனப்பாடம் செய்திருக்கிறேன். புரிந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் நிறுவல். √2 = ப/ம என்று கொள்க. ப, ம நிறைவெண்கள், பின்னம் எளிய வடிவில் உள்ளது. அப்போது ப² = 2ம², ஆகவே ப² இரட்டை. ஒற்றை எண்ணின் வர்க்கம் ஒற்றை என்பதால் ப உம் இரட்டை. ப = 2த என்றால் 4த² = 2ம², அதாவது ம² = 2த². ஆகவே ம உம் இரட்டை. இரண்டுக்கும் 2 பொதுக் காரணியாகிறது. இது எளிய வடிவம் என்றதற்கு முரண்.

இனிச் சோதனை. இதே நிறுவலை √4 இற்கு எழுதுங்கள். √4 = 2 என்பது விகிதமுறு எண், ஆகவே நிறுவல் எங்கேயோ உடையவேண்டும். உடையும் இடத்தைக் கண்டுபிடித்தால் புரிந்துவிட்டது. ப² = 4ம² என்பதால் ப² நான்கால் வகுபடும். ஆனால் அதிலிருந்து ப நான்கால் வகுபடும் என்று சொல்ல முடியாது. 36 நான்கால் வகுபடும், 6 வகுபடாது. √2 இன் நிறுவலைத் தாங்குவது “ப² இரட்டையானால் ப இரட்டை” என்ற அந்த ஒரு வரிதான். விடைத்தாளில் பலர் காரணம் எழுதாமல் தாண்டிப்போகும் வரியும் அதுதான்.

√3 இற்கு, மூன்றால் வகுத்து மீதி 1 அல்லது 2 வரும் எண்களின் வர்க்கம் எப்போதும் மீதி 1 தரும் என்று காட்டினால் போதும்.

கணிதத் தொகுத்தறிவில் முதற்படி இவ்வளவு சிறியது. அதை விட்டால் என்ன?

எல்லாம் போய்விடும். தொகுத்தறிவுக்கு இரண்டு படி: முதல் எண்ணுக்கு உண்மை என்று காட்டுவது முதற்படி, க இற்கு உண்மையானால் க + 1 இற்கும் உண்மை என்று காட்டுவது இரண்டாம் படி. “க = க + 1” என்ற பொய்யை எடுங்கள். அது உண்மை என்று கொண்டு இரு பக்கமும் 1 கூட்டினால் க + 1 = க + 2 வரும். தொகுத்தறிவுப் படி பிழையின்றி நடக்கிறது. ஆனால் தொடங்க ஓர் இடம் இல்லை.

இரண்டாம் படியும் எல்லா எண்ணுக்கும் வேலை செய்யவேண்டும். எந்தப் பட்டியிலும் மாடுகள் எல்லாம் ஒரே நிறம் என்று “நிறுவுவோம்”. ஒரு மாடு மட்டும் உள்ள பட்டியில் அது உண்மை. க மாடுகள் உள்ள எந்தப் பட்டியிலும் உண்மை என்று கொள்வோம். க + 1 மாடுகளில் முதலாவதை அவிழ்த்துவிட்டால் மிகுதி க மாடுகளும் ஒரே நிறம். அதைத் திரும்பக் கட்டிவிட்டுக் கடைசி மாட்டை அவிழ்த்தால் அந்த க மாடுகளும் ஒரே நிறம். ஆகவே எல்லாம் ஒரே நிறம். பிழை எங்கே? 1 இலிருந்து 2 இற்குப் போகும்போது இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான மாடு ஒன்றும் இல்லை. 2 இலிருந்து மேலே எல்லாப் படியும் சரி. அந்த ஒரே ஓர் இடைவெளியில் முழு நிறுவலும் விழுகிறது. க = 1, க = 2 இரண்டிலும் உங்கள் இரண்டாம் படியைக் கையால் நடத்திப் பார்த்த பிறகே விடையை முடியுங்கள்.

வயற் பரப்புக் காண எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்குகிறார்கள். அது சரியா?

வயல் செவ்வகமாக இருந்தால் மட்டும் சரி. மற்ற எல்லா நாற்பக்கலுக்கும் இந்தக் கணக்கு உண்மைப் பரப்பைவிடக் கூடுதலாகவே காட்டும். எப்போதாவது கூட்டும், எப்போதாவது குறைக்கும் என்றல்ல, ஒருபோதும் குறைக்காது. இதை நிறுவலாம், சாதாரண தர அறிவே போதும்.

பக்கங்களை வரிசையாக அ, ஆ, இ, ஈ என்க. ஒரு மூலைவிட்டத்தால் வயலை இரண்டு முக்கோணியாகப் பிரிக்கவும். ஒன்றில் அ, ஆ பக்கங்கள், மற்றதில் இ, ஈ. முக்கோணியின் பரப்பு ½ × அடி × உயரம். அ ஐ அடியாக எடுத்தால் உயரம் ஆ ஐ விடக் கூடாது, ஏனெனில் ஒரு புள்ளியிலிருந்து ஒரு கோட்டுக்கான மிகக் குறுகிய தூரம் செங்குத்துத்தான். ஆகவே அந்த முக்கோணியின் பரப்பு ½ × அ × ஆ ஐ விடக் கூடாது. மற்றதும் அப்படியே. எனவே:

பரப்பு ≤ ½(அ×ஆ + இ×ஈ)

மற்ற மூலைவிட்டத்தால் பிரித்தால்:

பரப்பு ≤ ½(ஆ×இ + ஈ×அ)

இரண்டையும் கூட்டி 2 ஆல் வகுத்தால்:

பரப்பு ≤ ¼(அ×ஆ + இ×ஈ + ஆ×இ + ஈ×அ) = (அ + இ)/2 × (ஆ + ஈ)/2

வலப்பக்கம்தான் அந்தச் சராசரிக் கணக்கு. சமமாக வருவதற்கு நான்கு மூலையும் 90° ஆக இருக்கவேண்டும்.

நிறுவல் இத்தோடு முடியவில்லை. வயலின் ஒரு மூலை உள்ளே மடங்கியிருந்தால் ஒரு மூலைவிட்டம் வயலுக்கு வெளியே போகும். அப்போது பரப்பு இரண்டு முக்கோணிகளின் கூட்டுத்தொகை அல்ல, வித்தியாசம். வித்தியாசம் கூட்டுத்தொகையைவிடச் சிறியது என்பதால் சமனிலி அப்போதும் நிற்கிறது. இந்த ஒரு பந்தியை எழுதாவிட்டால் குவிந்த வயல்களுக்கு மட்டும் நிறுவியதாகவே ஆகும்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? பக்கங்கள் 100 மீற்றர், 60 மீற்றர், மூலைக்கோணம் 60° உள்ள இணைகரத்தை எடுங்கள். சராசரிக் கணக்கு 6000 சதுர மீற்றர் தரும், அது 1.48 ஏக்கர். உண்மைப் பரப்பு 5196 சதுர மீற்றர், 1.28 ஏக்கர். ஏறக்குறைய 32 பேர்ச் காணாமல் போகிறது. குத்தகைக் காசு, உழவுக் கூலி, பசளை அளவு எல்லாம் அந்த இல்லாத நிலத்துக்கும் சேர்த்தே கணக்காகும். பிரமகுப்தர் கி.பி. 628 இலேயே இந்த முறையைத் தோராயம் என்றுதான் வகைப்படுத்தினார்.

சரியான வழி எளிது. நான்கு பக்கத்தோடு ஒரு மூலைவிட்டத்தையும் அளவுநாடாவால் அளந்து, இரண்டு முக்கோணிக்கும் ஹெரோன் சூத்திரத்தை (மூன்று பக்கங்களிலிருந்து பரப்பைத் தருவது) போடுங்கள். மேலே உள்ள வயலில் குறுகிய மூலைவிட்டம் 87.2 மீற்றர். ஒவ்வொரு முக்கோணியும் சுமார் 2598 சதுர மீற்றர் வரும். நான்கு பக்கங்களை மட்டும் அளந்தால் பரப்பைத் தீர்மானிக்கவே முடியாது. அதே பக்கங்களோடு வயல் எவ்வளவும் சாயலாம்.

மேசன்மார் 3, 4, 5 அடி வைத்து மூலை பிடிப்பது பைதகரஸ் தேற்றமா?

அதன் மறுதலை. தேற்றம் சொல்வது, செங்கோணம் இருந்தால் வர்க்கங்கள் கூடும் என்பது. மேசனுக்கு வேண்டியது, வர்க்கங்கள் கூடினால் செங்கோணம் என்பது. இவை வேறு வேறு கூற்றுகள், வேறு வேறு நிறுவல்கள் வேண்டும். மறுதலைக்கு: 3, 4 ஐ உள்ளடக்கும் செங்கோணத்தோடு தனியாக ஒரு முக்கோணியை அமைக்க, தேற்றப்படி அதன் செம்பக்கம் 5. இரண்டு முக்கோணியும் ப.ப.ப. ஆல் ஒருங்கிசையும். ஆகவே நம் முக்கோணியிலும் அந்தக் கோணம் 90°.

நாடாவில் ஓர் அங்குலம் தவறினால் என்ன ஆகும் என்பது அளவீட்டின் பக்கம். 3, 4 அடி வைத்து மூலைவிட்டம் 5 அடி 1 அங்குலமானால் கோணம் 92°. 20 அடிச் சுவரின் மறுமுனை 8 அங்குலத்துக்கு மேல் விலகும். 6, 8, 10 வைத்து அதே ஓர் அங்குலம் தவறினால் கோணம் 91° தான், விலகல் பாதி. இடம் இருந்தால் பெரிய முக்கோணியையே பிடியுங்கள்.

பெரிய கணிதமேதைகளின் நிறுவல்கள் பிழைத்ததுண்டா?

உண்டு. எந்த வரைபடத்தையும் அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறம் பெறாமல் நான்கு நிறத்தால் தீட்டலாம் என்பதற்கு கெம்ப் 1879 இல் ஒரு நிறுவல் வெளியிட்டார். 11 ஆண்டுகள் அது ஏற்கப்பட்டிருந்தது. 1890 இல் ஹீவுட் ஓட்டையைக் காட்டினார். 1976 இல் அப்பெலும் ஹாக்கனும் கணினியின் துணையோடு நிறுவினார்கள். கையால் சரிபார்க்க முடியாத அளவுக்கு வகைகள் இருந்ததால் நீண்டகாலம் சந்தேகம் தொடர்ந்தது. 2005 இல் ஒவ்வொரு தருக்கப் படியையும் சரிபார்க்கும் மென்பொருளால் முழு நிறுவலும் சோதிக்கப்பட்டது. வைல்ஸ் 1993 இல் அறிவித்த ஃபெர்மாவின் கடைசித் தேற்ற நிறுவலிலும் இடைவெளி இருந்தது. டெய்லரோடு சேர்ந்து அதை அடைத்து 1995 இல் வெளியிட்டார்.

நம் இராமானுஜன் 1913 இல் ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதங்களில் வியக்கத்தக்க சூத்திரங்களோடு முதன்மை எண்கள் பற்றிய சில பிழையான கூற்றுகளும் இருந்தன. 1916 இல் அவர் முன்வைத்த ஓர் ஊகத்தை 1974 இல்தான் டெலிஞ் முழுமையாக நிறுவினார். உள்ளுணர்வு அவரைப்போல் கூர்மையாக இருந்தாலும் நிறுவல் தனியாகச் செய்யப்படவேண்டியது.

எளிய ஊசல் பரிசோதனையில் 9.81 வரவில்லை. விடையைத் திருத்தலாமா?

திருத்தவே கூடாது. ஈர்ப்பு ஆர்முடுகல் அகலக்கோட்டோடு மாறும். வன்னி சுமார் 9° வடக்கில் இருக்கிறது. இங்கே அது 9.78 மீ/செக்² அளவு. அதை 9.81 ஆக மாற்றி எழுதுகிறவர் சரியான விடையை அழிக்கிறார்.

ஆனால் உங்கள் நிறுத்தக் கடிகாரத்தால் 9.78 ஐயும் 9.81 ஐயும் பிரிக்கமுடியுமா? 1 மீற்றர் ஊசலின் அலைவுகாலம் ஏறக்குறைய 2 செக்கன். கை தாமதம் 0.2 செக்கன் என்று வையுங்கள். ஒரு அலைவை மட்டும் எடுத்தால் 10% பிழை, காலம் வர்க்கத்தில் வருவதால் விடையில் 20%. இருபது அலைவு எடுத்தால் 40 செக்கனில் 0.2, விடையில் 1%. அந்த இரண்டு பெறுமானங்களுக்கும் இடையே உள்ளது 0.3% தான். ஆகவே “9.7 ± 0.1” என்று எழுதுவதே நேர்மையான முடிவு. நீளத்தைக் குண்டின் மேல்விளிம்பு வரை அளந்தால் 1 செ.மீ. குறையும், அது இன்னொரு 1%. வீச்சு 10° இற்குள் இருந்தால் அதனால் வரும் அலைவுகாலப் பிழை 0.2% ஐத் தாண்டாது.

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்கிறார்களே, அதைச் சோதிக்கலாமா?

சோதிக்கலாம், செலவும் இல்லை. ஆனால் நான்கு எண்ணிக்கையும் வேண்டும்: ஏறியது – மழை, ஏறியது – மழையில்லை, ஏறவில்லை – மழை, ஏறவில்லை – மழையில்லை. நாம் வழக்கமாக நினைவில் வைப்பது முதலாவதை மட்டும்தான். கணக்குக்கு ஓர் உதாரணம்: 60 நாளில் 20 நாள் எறும்பு ஏறி அதில் 14 நாள் மழை பெய்தது, ஏறாத 40 நாளில் 28 நாள் மழை. 14 தடவை பலித்தது என்று கேட்கப் பெரிதாக இருக்கும். இரண்டிலும் 70% தான், எறும்பால் ஒரு செய்தியும் கிடைக்கவில்லை.

கார்த்திகையில் மட்டும் பார்க்கக்கூடாது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் எதைப் பார்த்தாலும் மழை வரும். எத்தனை மணித்தியாலத்துக்குள் பெய்தால் பலித்தது என்பதையும் தொடங்குமுன்னர் எழுதிவைக்கவேண்டும்.

கிணற்றுக்கு நீர் பார்ப்பவர் காட்டிய இடத்தில் தண்ணீர் வந்தது. அது சான்றா?

பக்கத்தில் தோண்டியிருந்தாலும் வந்திருக்குமா என்று தெரியாமல் சான்றாகாது. குளத்துக்குக் கீழான பகுதிகளில் பெரும்பாலான இடங்களில் கிணற்று ஆழத்துக்குள் தண்ணீர் உண்டு. கடினப்பாறை மேலே வரும் இடங்களில் நிலைமை வேறு.

நியாயமான சோதனை இப்படி: மூடிய எட்டுப் பீப்பாய்கள், நாலில் தண்ணீர், நாலில் அதே எடைக்கு மணல். எதில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். நிரப்பியவர் சோதனை நேரத்தில் அங்கே நிற்கக்கூடாது, அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். எட்டில் நான்கைத் தெரிவதற்கு 70 வழிகள். நாலும் சரியாக வர அதிர்ஷ்டத்தால் மட்டும் 70 இல் 1 வாய்ப்பு. மூன்று அல்லது நான்கு சரியாக வருவதற்கு 70 இல் 17, அது கிட்டத்தட்ட நாலில் ஒன்று. ஆகவே நாலுக்கு மூன்று என்பது ஒன்றையும் காட்டாது. பீப்பாய்த் தண்ணீர் பிடிபடாது, நிலத்தடி ஓட்டம்தான் பிடிபடும் என்று அவர் சொன்னால் அதையும் மதித்து வேறு சோதனை வைக்கலாம். ஒரு காணியில் அவர் இடங்களைக் குறிக்கட்டும். பிறகு கண்ணைக் கட்டி, வேறு திசையிலிருந்து நடத்தி, அதே இடங்களில் நிற்கிறாரா என்று பாருங்கள்.

புதுத் திரவப் பசளை விளைச்சலைக் கூட்டும் என்கிறார்கள். என் வயலிலேயே எப்படிச் சோதிப்பது?

பெரும்பாலானவர்கள் செய்வது, ஒரு வயலுக்கு அடித்து, அடிக்காத வயலோடு ஒப்பிடுவது, அல்லது போன போகத்தோடு ஒப்பிடுவது. இரண்டும் உதவாது. காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் மழையும் வெயிலும் வேறு. இரண்டு வயலுக்கு மண்ணும், துருசிலிருந்து உள்ள தூரமும் வேறு. ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் பசளையால் வந்ததா நிலத்தால் வந்ததா என்று பிரிக்கவே வழியில்லை.

வாய்க்கால் தலைப்பிலிருந்து கடைசிவரை ஆறு இடங்களைத் தெரிந்து, ஒவ்வொரு இடத்திலும் பக்கம் பக்கமாக இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 5 × 4 மீற்றர், பிடியுங்கள். இடையில் நல்ல வரம்பு போடுங்கள், இல்லாவிட்டால் பசளை தண்ணீரோடு அடுத்த துண்டுக்குப் போகும். சோடியில் எதற்குப் பசளை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். “நீயே பார்த்துப் போடு” என்றால் கை தானாகவே செழித்த துண்டுக்குப் போகும். அடிக்காத துண்டுக்கு அதே அளவு வெறும் தண்ணீரை அதே நாளில் அடிக்கவேண்டும். இனம், விதைத்த நாள், யூரியா, களை எடுப்பு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். புதுப் பசளைத் துண்டைக் கூடுதலாகக் கவனிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

அறுவடையில் நாலு பக்கமும் அரை மீற்றர் ஓரத்தை விட்டுவிடுங்கள், ஓரப் பயிர் எப்போதும் வேறுமாதிரி விளையும். நடுவில் 4 × 3 = 12 சதுர மீற்றர் மிஞ்சும். அதை வேறாக அடித்து, தூற்றி, இலக்கம் மட்டும் எழுதிய பையில் போடுங்கள். நிறுப்பவருக்கு எது எந்தத் துண்டு என்று தெரியக்கூடாது. ஈரப்பதனை அளந்து எல்லாவற்றையும் 14% இற்குக் கொண்டுவாருங்கள்: எடை × (100 − ஈரப்பதன்) ÷ 86. 18% ஈரத்தில் 6 கிலோ என்றால் 6 × 82 ÷ 86 = 5.72 கிலோ. 12 சதுர மீற்றருக்கு அது என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1930 கிலோ, புசலுக்கு 20.9 கிலோப்படி சுமார் 92 புசல். ஈரத்தைத் திருத்தாவிட்டால் பசுமையாக நின்று பிந்தி முற்றிய துண்டு பொய்யாக வெல்லும்.

இனி ஆறு வித்தியாசங்களையும் பாருங்கள். பசளை ஒன்றும் செய்யாவிட்டால் ஒவ்வொரு சோடியிலும் எது வெல்லும் என்பது நாணயம் சுண்டுவது போலத்தான். ஆறும் பசளைப் பக்கம் வர 64 இல் 1 வாய்ப்பு, 2% இற்கும் குறைவு. ஐந்து அல்லது ஆறு வர 64 இல் 7, ஏறக்குறைய 11%. ஆறுக்கு ஆறு வந்தால் இன்னொரு போகம் செய்துபார்க்கத் தகுந்த சான்று. ஆறுக்கு ஐந்து என்றால் கையில் ஒன்றுமில்லை. முடிவைப் பார்த்த பிறகு “அந்தத் துண்டை எலி வெட்டியது, விட்டுவிடுவோம்” என்று சொல்லக்கூடாது. எலி வெட்டை அறுவடைக்கு முன்னரே குறித்து, முழுச் சோடியையும் நீக்கலாம்.

விளைச்சல் கூடியது நிலைத்தாலும், சராசரி வித்தியாசத்தை நெல் விலையால் பெருக்கிப் பசளைச் செலவோடு ஒப்பிடுங்கள். ஏக்கருக்கு 2 புசல் கூடியது உண்மையாக இருந்தும் அடிக்காமல் விடுவதே லாபமாக இருக்கலாம். இதைச் செய்யத் தொடங்குமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் திட்டத்தைக் காட்டுவது நல்லது.

சிறுநீரக நோய்க்குக் கிணற்று நீர்தான் காரணம் என்று நிறுவப்பட்டுவிட்டதா?

வடமத்திய மாகாணத்தில் 1990 களில் கவனத்துக்கு வந்து, வவுனியாவையும் பாதித்துள்ள இந்த நாட்பட்ட நோய்க்கு எல்லா ஆய்வாளரும் ஏற்கும் ஒரே காரணம் இன்னும் இல்லை. நீரின் வன்மை, புளோரைட்டு, கட்மியம், விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல்நீர் வற்றுதல் என்று பல கருதுகோள்கள் ஆராயப்பட்டுள்ளன. சிக்கல் என்னவென்றால், இவை ஒரே மனிதரில் ஒன்றாக வருகின்றன. வன்மையான கிணற்று நீர் குடிப்பவரே வெயிலில் வேலை செய்பவர், அவரே மருந்தும் அடிப்பவர். ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுக்க, அந்த ஒன்று மட்டும் வேறுபட்டு மற்றவை ஒத்த ஆட்களை ஒப்பிடவேண்டும். நோய் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் இன்றைய நீரை மட்டும் சோதித்தாலும் போதாது.

2014 இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் வன்நீரும் சேர்ந்து காரணமாகலாம் என்ற கட்டுரை கருதுகோளாகத்தான் வெளியானது. 2015 இல் அரசு கிளைபோசேட்டைத் தடைசெய்தது, 2018 இல் தேயிலை, இறப்பருக்குத் தளர்த்தியது. தடையும் தளர்வும் கொள்கை முடிவுகள், அவற்றை நிறுவலாகவோ மறுப்பாகவோ எடுக்கக்கூடாது. காரணம் முடிவாகும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் பொருளல்ல. சுத்திகரித்த நீரைக் குடிப்பதும், வெயிலில் வேலை செய்யும்போது போதிய நீர் அருந்துவதும், சிறுநீரையும் குருதியையும் நேரத்துக்குச் சோதிப்பதும் இன்றே செய்யத் தகுந்தவை. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக்கூட டோலும் ஹில்லும் 1950 இல் நோயாளரை ஒப்பிட்டுக் காட்டியதோடு நிறுத்தவில்லை. 1951 இலிருந்து பல்லாயிரம் மருத்துவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள்.

“விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்” என்று போனில் வரும் செய்திகளை எப்படி எடைபோடுவது?

மூன்று கேள்வி கேளுங்கள்: எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை பேரில் அல்லது எத்தனை தடவை, வேறு யாராவது திரும்பச் செய்தார்களா.

தற்செயலாக வர 20 இல் 1 வாய்ப்பு என்பதை எல்லையாக வைத்து, ஒன்றும் இல்லாத 20 விடயங்களைச் சோதித்தால், குறைந்தது ஒன்றாவது “பலிக்க” 64% வாய்ப்பு. பலித்ததை மட்டும் செய்தியாக்கினால் முழுவதும் பொய்யாகிவிடும். துகள் இயற்பியலில் இதனால்தான் எல்லை மிகக் கடினம். 2012 ஆடி மாதம் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது, தற்செயலாக அப்படி வர ஏறக்குறைய 35 இலட்சத்தில் 1 என்ற நிலையை அடைந்திருந்தார்கள். அந்த எல்லையும் கருவிப் பிழையிலிருந்து காக்காது. 2011 இல் இத்தாலியில் ஒரு குழு, நியூத்திரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோசெக்கன் முந்தி வந்ததாக அளந்தது. காரணம் சரியாகப் பொருத்தப்படாத ஒளியிழை வடமும் ஒரு கடிகாரக் கோளாறும் என்று பின்னர் அவர்களே கண்டுபிடித்தார்கள். தங்கள் அளவீட்டில் பிழை தேடும்படி உலகத்தைக் கேட்டதும் அவர்களேதான்.

பாடசாலைச் செயற்றிட்டத்துக்குப் பொருத்தமான சிறிய ஆய்வு ஒன்று?

நெல் முளைதிறன். 100 விதையை 25 படி நான்காக ஈரத் துணியில் பரப்பி, 5 ஆம் நாளும் 14 ஆம் நாளும் எண்ணுங்கள். நிழலில் வையுங்கள், துணி காயவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. இப்போதுதான் அறுத்த நெல்லை எடுக்காதீர்கள், சில வாரம் உறங்குநிலையில் இருக்கும், உயிருள்ள விதையும் முளைக்காமல் கிடக்கும்.

100 இல் 85 முளைத்தால், மூடை முழுவதின் முளைதிறன் ஏறக்குறைய 77% இலிருந்து 91% வரை எங்கும் இருக்கலாம். 20 விதையில் 17 முளைத்தாலும் அதே 85% தான், ஆனால் எல்லை 64% இலிருந்து 95% வரை விரியும். இரண்டு மூடைகளில் ஒன்று 85, மற்றது 80 என்று வந்தால் முதலாவது சிறந்தது என்று அறிக்கையில் எழுதமுடியாது. அந்த 5% வித்தியாசம் உண்மையாக இருந்தால் அதைப் பிடிக்க, ஒவ்வொரு மூடையிலிருந்தும் சுமார் 900 விதை வேண்டும். மூடையின் மேலிருந்து மட்டும் அள்ளாமல், மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்து எண்ணுங்கள்.